போஸ்ட்பிக்ஸ் ஒரே முகவரியில் கேட்கத் தொடங்கியதும் ஸ்பேம் வடிகட்டி மெயிலை வாங்க மறுக்கிறது

ஹட்டன் மூடுபனி, காலை 5.20

எல்லோருக்கும் வணக்கம். ஹட்டனில் ஒரு சிறிய சங்கத்தின் அலுவலகத்தில் கணினி வேலையெல்லாம் என் பொறுப்பு. மஸ்கெலியா, நோர்வூட், பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டங்களில் மாலை வகுப்பு எடுக்கும் டீச்சர்மார் 43 பேருக்கு எங்கள் சேர்வரில்தான் மெயில் பெட்டி. நேற்று மாலையிலிருந்து ஒரு மெயில்கூட யாருடைய பெட்டிக்கும் வரவில்லை, வெளியேயும் போகவில்லை. ராத்திரி முழுக்கப் பார்த்துவிட்டேன், பிடிபடவில்லை. நடந்ததை ஒன்று விடாமல் எழுதுகிறேன், நீளமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மெஷின் ஒன்றுதான். டெபியன் லினக்ஸ், அதில் மெயிலை வாங்கி அனுப்பும் போஸ்ட்பிக்ஸ், பின்னால் மெயிலைச் சோதிக்கும் அமாவிஸ், அமாவிஸுக்குள் குப்பை மெயிலுக்குப் புள்ளி போடும் ஸ்பேம்அசாசின். மெயில் வந்ததும் போஸ்ட்பிக்ஸ் அதை, மெஷின் தனக்குள்ளேயே பேசிக்கொள்ளும் 127.0.0.1 முகவரியில், 10024 போர்ட்டில் (கதவு எண் மாதிரி) அமாவிஸிடம் கொடுக்கும். அமாவிஸ் பார்த்து முடித்து 10025 போர்ட்டில் திருப்பிக் கொடுக்கும். இரண்டு வருஷமாக ஒரு குறையும் இல்லாமல் ஓடியது.

மூன்று வாரத்துக்கு முன் பைபர் இணைய இணைப்பு வந்தது, நிலையான ஐபியோடு. இங்கே அதை 203.0.113.10 என்று மாற்றி எழுதுகிறேன். அந்த ஐபிக்கு எங்கள் மெயில் சேர்வரின் பெயரில் பிடிஆர் பதிவும் (இந்த ஐபி யாருடையது என்று கேட்டால் பெயரைச் சொல்லும் பதிவு) போட்டுக் கொடுத்தார்கள். பழைய இணைப்பையும் வெட்டவில்லை. இங்கே மழை பிடித்தால் மரம் விழும், வயர் அறும், இரண்டு நாள் மூன்று நாள் ஆகும். அதனால் மெஷினில் இரண்டு நெட்வொர்க் கார்ட். பைபர் பக்கம் 192.168.10.5, பழைய பக்கம் 192.168.1.5. இரண்டுக்கும் தனித்தனி ரவுட்டர்.

சிக்கல் எங்கே தொடங்கியதென்றால், வெளியே போகும் மெயிலில் சில பழைய இணைப்பு வழியாகப் போய்விடுகின்றன. அந்த ஐபி அடிக்கடி மாறும், அதற்குப் பிடிஆர் கிடையாது. ஒரு வங்கிக்கு எழுதிய கடிதமும் பிரதேச செயலகத்துக்கு எழுதிய கடிதமும் அப்படித் திரும்பி வந்தன. போஸ்ட்பிக்ஸ் கையேட்டைப் படித்தேன். கேட்கும் முகவரி, அதாவது இணைப்பு வருகிறதா என்று காத்திருக்கும் முகவரி, ஒன்றே ஒன்றாக இருந்தால் வெளியே போகும்போதும் அதே முகவரியைத்தான் பயன்படுத்தும் என்று இருந்தது. நமக்கு வேண்டியது அதுதானே என்று நேற்று நாலரை மணிக்கு, போஸ்ட்பிக்ஸின் அமைப்பு இருக்கும் மெயின்.சிஎப் கோப்பில் இப்படி மாற்றினேன்:

இனெட்_இன்டர்பேசஸ் = 192.168.10.5

ரீலோட் செய்தேன். இந்த மாற்றம் ரீலோடில் எடுபடாது, நிறுத்தித் தொடங்கு என்று லொக்கில் (நடப்பதை எழுதி வைக்கும் கோப்பில்) எச்சரிக்கை வந்தது. நிறுத்தித் தொடங்கினேன். அதோடு சரி.

இப்போது லொக்கில் ஓடும் வரியைத் தமிழில் சொன்னால்: 127.0.0.1 உடனான இணைப்பு, அங்கிருந்து முதல் வணக்கம் வரும் முன்பே அறுந்தது, மெயில் ஒத்திவைக்கப்பட்டது. ஒவ்வொரு மெயிலுக்கும் இதே வரி. அமாவிஸ் நிற்கவில்லை, ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. இரண்டு தடவை மறுபடி தொடங்கியும் பார்த்தேன். இன்னொன்று: இதே மெஷினில் இருக்கும் வெப்மெயிலில் அனுப்பு என்று அழுத்தினால், 127.0.0.1 இல் 25 போர்ட்டில் யாரும் இல்லை என்கிறது.

வரிசையில் இப்போது 118 மெயில். அதில் ஒன்று மஸ்கெலியா டீச்சர் ஒருவர் 14 பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழை ஸ்கேன் செய்து அனுப்பியது, 7 எம்பி சொச்சம். சாதாரண தரப் பரீட்சைக்குத் தேசிய அடையாள அட்டை வேண்டும். சான்றிதழில் ஒரு பெயர், பள்ளிக்கூடப் பதிவில் வேறு பெயர் என்று எங்கள் பிள்ளைகளுக்கு இருப்பது உங்களுக்குத் தெரியும். பள்ளி அதிபர் கையெழுத்துக்குப் போகும் முன் ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துத் திருத்திக் கொடுப்பது எங்கள் வேலை. வெள்ளிக்கிழமைக்குள் அவர் கைக்குப் போக வேண்டும். இன்று புதன்.

பழைய வரியையே திரும்பப் போட்டால் சரியாகிவிடும் என்று தோன்றுகிறது. ஆனால் ஏன் இப்படி ஆனது என்று தெரியாமல் திரும்பிப் போக மனமில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


பதுளைப் பக்கம், காலை 6.45

அக்கா, எனக்கும் முன்பு ஒருமுறை இப்படி வந்தது. அமாவிஸ் லொக்கைப் பாருங்கள், அனுமதி மறுப்பு என்று ஒரு வரி இருக்கும். அமாவிஸ் அமைப்புக் கோப்பில் யாரிடமிருந்து மெயிலை வாங்கலாம் என்று சொல்லும் இனெட்_ஏசிஎல் என்று ஒரு பட்டியல் உண்டு. அதில் 192.168.10.5 ஐயும் சேர்த்துவிட்டால் வாங்கிக்கொள்ளும். அவசரமென்றால் மெயின்.சிஎப் கோப்பில், மெயிலை வடிகட்டிக்கு அனுப்பச் சொல்லும் கன்டென்ட்_பில்டர் வரியைத் தற்காலிகமாக மூடிவிடுங்கள். ஒரு மணி நேரம் வடிகட்டி இல்லாமல் போனால் ஒன்றும் ஆகாது.


ஹட்டன் மூடுபனி, காலை 7.10

நன்றி தம்பி. நீங்கள் சொன்ன வரி இருக்கிறது. 192.168.10.5 என்ற ஐபியிலிருந்து வந்தவருக்கு அனுமதி இல்லை என்று அமாவிஸ் எழுதியிருக்கிறது. இரவு முழுக்கப் போஸ்ட்பிக்ஸ் லொக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன், இந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

கன்டென்ட்_பில்டரை மூடிப் பார்த்தேன். புதிதாக வந்த மூன்று மெயில் பெட்டிக்குப் போய்விட்டது, ஆனால் வரிசையில் இருந்த 118 உம் அசையவில்லை. அதனால் மறுபடி திறந்துவிட்டேன். வடிகட்டி இல்லாமல் விட எனக்குப் பயமாகவும் இருக்கிறது. டீச்சர்மாரில் பாதிப் பேர் மெயிலைப் போனில்தான் பார்க்கிறார்கள். உங்கள் கணக்கு முடங்கிவிட்டது, இங்கே அழுத்துங்கள் என்று ஒன்று வந்தால் அழுத்திவிடுவார்கள்.


பண்டாரவளைக் கம்பி, காலை 8.30

தங்கச்சி, முதலில் ஒன்று: மெயில் எதுவும் தொலையவில்லை. போஸ்ட்பிக்ஸ் ஒரு மெயிலை 5 நாள் வரை வரிசையில் வைத்துத் திரும்பத் திரும்ப முயன்று பார்க்கும், அதன் பிறகுதான் திருப்பி அனுப்பும். அந்த 14 சான்றிதழும் பத்திரமாக இருக்கின்றன. வரிசையில் கை வைக்காதீர்கள்.

இப்போது ஏன் என்று பார்ப்போம். நீங்கள் கையேட்டில் படித்தது சரி. கேட்கும் முகவரி ஒன்றாக இருந்து, அது 127 அல்லாத முகவரியாகவும் இருந்தால், வெளியே போகும் இணைப்புகளுக்கும் அதையே மூல முகவரியாக, அதாவது கிளம்பும் இடமாக, போஸ்ட்பிக்ஸ் வைத்துக்கொள்ளும். ஆனால் அமாவிஸிடம் மெயிலைக் கொண்டுபோய்க் கொடுப்பதும் போஸ்ட்பிக்ஸின் அதே அனுப்பும் நிரல்தான். கூகுளுக்குப் போகும்போது எந்த முகவரியில் கிளம்புகிறதோ, அதே முகவரியில்தான் பக்கத்தில் இருக்கும் 10024 போர்ட்டுக்கும் கிளம்பும். நேற்று நாலரை மணி வரை அது 127.0.0.1 ஆகப் போய்க்கொண்டிருந்தது. அதன் பிறகு 192.168.10.5 ஆகப் போகிறது. அமாவிஸின் பட்டியலில், நாம் தொடாமல் விட்டால், இருப்பது 127.0.0.1 உம் அதன் ஐபிவி6 (புதிய வகை ஐபி) வடிவமும் மட்டும்தான்.

நான் தோட்டத்தில் பிறந்தவன், அதனால் இப்படிச் சொல்கிறேன். காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக் களத்தில் நிற்பவர் யார் என்று எல்லோருக்கும் தெரியும், ஆனால் செக்ரோல் என்ற பேர்ப் பதிவில் இருக்கும் பெயரைச் சொன்னால்தான் அன்றைக்குப் பேர் விழும். வீட்டில் கூப்பிடும் பெயரைச் சொன்னால் விழாது. உங்கள் போஸ்ட்பிக்ஸ் வேறு பெயர் சொல்லிக்கொண்டு நிற்கிறது.

பதுளைத் தம்பி சொன்னது போலப் பட்டியலில் ஒரு பெயர் கூட்டினால் வேலை நடக்கும். அமாவிஸ் 127.0.0.1 இல் மட்டும் கேட்பதால் பெரிய ஆபத்தும் இல்லை. ஆனால் வெப்மெயில் கோளாறு அப்படியே இருக்கும், ஏனென்றால் 127.0.0.1 இல் போஸ்ட்பிக்ஸ் கேட்பதையே நீங்கள் நிறுத்திவிட்டீர்கள். கன்டென்ட்_பில்டரை மூடியும் பழைய மெயில் ஏன் அசையவில்லை என்றால், எந்த வடிகட்டிக்குப் போக வேண்டும் என்பது மெயில் வந்து சேரும்போதே அதன் வரிசைக் கோப்பில் எழுதப்பட்டுவிடும். பின்னால் அமைப்பை மாற்றினாலும் உள்ளே எழுதியது மாறாது. போஸ்ட்சூப்பர் -ஆர் என்ற கட்டளை போட்டு மறுபடி வரிசைக்குள் விட்டால்தான் மாறும். உங்களுக்கு அது தேவைப்படாது.

செய்ய வேண்டியது இதுதான். மெயின்.சிஎப் கோப்பில்:

இனெட்_இன்டர்பேசஸ் = 192.168.10.5, 127.0.0.1

இப்படி இரண்டு போட்டதும் வெப்மெயில் சரியாகும், அமாவிஸும் வாங்கிக்கொள்ளும். ஆனால் கவனியுங்கள், முகவரி இரண்டானதும் மூல முகவரியைத் தானாக ஒட்டவைப்பதைப் போஸ்ட்பிக்ஸ் விட்டுவிடும். வெளியே போகும் மெயில் மறுபடி கெர்னல் (லினக்ஸின் உள்மையம்) காட்டும் வழியில், அதாவது சில நேரம் பழைய இணைப்பில் போகும். நீங்கள் எதற்காகத் தொடங்கினீர்களோ அது கிடைக்காது. பலர் இந்த இடத்தில் பிரச்சினை தீர்ந்தது என்று எழுந்து போய்விடுவார்கள்.

அதனால் போஸ்ட்பிக்ஸின் இன்னொரு அமைப்புக் கோப்பான மாஸ்டர்.சிஎப் கோப்பைத் திறந்து, எஸ்எம்டிபி யுனிக்ஸ் என்று தொடங்கும் வரியைத் தேடுங்கள். எஸ்எம்டிபி இனெட் என்பது உள்ளே வாங்குவது, அதைத் தொட வேண்டாம். யுனிக்ஸ் வரிதான் வெளியே அனுப்புவது, அமாவிஸுக்குப் போகும் பாதைக்கு வேறு வரி. அதன் கீழே இரண்டு இடைவெளி விட்டு:

-ஓ எஸ்எம்டிபி_பைண்ட்_அட்ரஸ்=192.168.10.5

இதே வரியை மெயின்.சிஎப் கோப்பில் போட்டுவிடாதீர்கள். அங்கே போட்டால் அமாவிஸுக்குப் போகும் பாதைக்கும் அது ஒட்டிக்கொள்ளும், நேற்று மாலை நடந்ததே திரும்ப நடக்கும்.

மூல முகவரியைக் கட்டினால் மட்டும் போதாது, பாதையையும் கட்ட வேண்டும். மெஷினின் இயல்புப் பாதை பழைய ரவுட்டரைக் காட்டினால், 192.168.10.5 என்று எழுதிய பொதி (தரவுத் துண்டு) அந்த ரவுட்டர் வழியாகவே போய் நிற்கும். ஐபி ரூல் என்ற கட்டளையில் ஒரு விதி போட்டு, 192.168.10.5 இலிருந்து கிளம்புவது எல்லாம் தனிப் பாதை டேபிளைப் பார்க்கட்டும் என்று சொல்லுங்கள். அந்த டேபிளில் இயல்புப் பாதை 192.168.10.1. அலுவலகத்து 192.168.10.0/24 வலைக்கான (192.168.10 என்று தொடங்கும் எல்லா முகவரிக்குமான) நேர்ப் பாதையையும் அதே டேபிளில் எழுத மறக்க வேண்டாம்.

இப்படிச் செய்தால் பைபர் அறுந்த நாளில் வெளியே போகும் மெயில் காத்திருக்கும், பழைய பக்கம் தாவாது. நல்லதுதான். திரும்பி வரும் கடிதத்தை விடக் காத்திருக்கும் கடிதம் மேல். உள்ளே வருவதும் தொலையாது, அனுப்பும் சேர்வர்கள் வழக்கமாக நாலைந்து நாள் விடாமல் முயலும். புதிய பைபர் ரவுட்டர் ஐபிவி6 முகவரியும் கொடுக்கிறதா என்று பாருங்கள். கொடுத்தால், அதற்குப் பிடிஆர் வாங்கும் வரை இனெட்_புரோட்டோகால்ஸ் = ஐபிவி4 என்று வைத்துவிடுங்கள். பிடிஆர் இல்லாத ஐபிவி6 முகவரியிலிருந்து வரும் மெயிலை ஜிமெயில் வாங்காது.

ரீலோட் வேண்டாம், நிறுத்தித் தொடங்குங்கள். அப்புறம் வரிசையில் இருப்பதை உடனே அனுப்ப, போஸ்ட்க்யூ -எப்.


ஹட்டன் மூடுபனி, காலை 11.05

அண்ணா, கோடி நன்றி.

நீங்கள் எழுதியபடியே செய்தேன். நிறுத்தித் தொடங்கி, போஸ்ட்க்யூ -எப் போட்டு, லொக்கைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரு பத்து விநாடி ஒன்றும் இல்லை. பிறகு முதல் வரி, 127.0.0.1, 10024, ஏற்றுக்கொள்ளப்பட்டது. அடுத்து இன்னொன்று. அப்புறம் படிக்க முடியாத வேகத்தில் ஓடியது. 118 இல் 96 ஐந்து நிமிஷத்தில் போய்ச் சேர்ந்தன. மிச்சம் வெளியே போக வேண்டியவை, அவையும் இப்போது காலி. மஸ்கெலியா டீச்சரின் மெயில் சரியாக 10.12க்கு என் பெட்டியில் விழுந்தது. வெப்மெயிலும் அனுப்புகிறது. என் சொந்த ஜிமெயிலுக்கு ஒன்று அனுப்பித் தலைப்பை (மெயில் வந்த வழி எழுதியிருக்கும் மேல் பகுதியை) பார்த்தேன், 203.0.113.10 என்றுதான் இருக்கிறது.

இயல்புப் பாதையைப் பற்றி நீங்கள் சொன்னது அப்படியே உண்மை. மெஷின் பழைய ரவுட்டரைத்தான் காட்டிக்கொண்டிருந்தது.

ஆனால் தலைப்புகளைப் பார்க்கும்போது வேறொன்று கண்ணில் பட்டது, அது எனக்குச் சரியாகப் படவில்லை. வெளியிலிருந்து வந்த மெயில் எதைத் திறந்தாலும், எங்கிருந்து வந்தது என்ற இடத்தில் 192.168.10.1 என்று இருக்கிறது. கொழும்பிலிருந்து வந்ததும் அப்படி, ஜிமெயிலிலிருந்து வந்ததும் அப்படி, பரிசு விழுந்திருக்கிறது என்று வந்த குப்பையும் அப்படி. 192.168.10.1 எங்கள் பைபர் ரவுட்டர். ஸ்பேம்அசாசின் எழுதும் வரியில் எல்லா மெயிலுக்கும் ஆல்_டிரஸ்டட் (வந்த வழி முழுக்க நம்பிக்கையானது) என்று ஒரு விதி விழுந்து குப்பைப் புள்ளியில் ஒன்று குறைகிறது. இந்த மூன்று வாரமாகக் குப்பை கூடியிருக்கிறது என்று டீச்சர்மார் சொன்னார்கள். நான் அதை வடிகட்டியின் குறை என்று நினைத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து, தமிழ் மெயில்களில் நல்லது 200, குப்பை 200 என்று பிரித்து ஸ்பேம்அசாசினில் கற்றுக்கொள்ளும் பகுதியான பேய்ஸுக்குக் கற்றுக்கொடுத்தேன். அதன் பிறகும் பெரிதாகக் குறையவில்லை.

இது இயல்பா?


கண்டி மேட்டுத்தெரு, காலை 11.40

தங்கச்சி, மற்றதையெல்லாம் விடுங்கள். இதைப் படித்தவுடன் மெயின்.சிஎப் கோப்பில் மைநெட்வொர்க்ஸ் வரியில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். 192.168.10.0/24 என்று இருந்தால் இந்த நிமிஷமே அதை எடுத்துவிட்டு 127.0.0.0/8 மட்டும் வையுங்கள். அப்புறம் மிச்சத்தைப் படியுங்கள்.

உங்கள் ரவுட்டர் 25 போர்ட்டை உள்ளே அனுப்பும்போது, அனுப்பியவரின் முகவரியை அழித்துத் தன் முகவரியை எழுதுகிறது. வீட்டிலிருந்து வெளியே போகும் பொதிகளுக்குச் செய்ய வேண்டிய முகவரி மாற்றத்தை, எந்தப் பக்கம் என்று குறிப்பிடாமல் எல்லாப் பக்கத்துக்கும் போட்டுவிட்டார்கள். இணையத்தில் உலாவுபவருக்கு இதனால் ஒரு வித்தியாசமும் தெரியாது. மெயில் சேர்வருக்கு மட்டும் உலகத்தில் உள்ள அத்தனை பேரும் ரவுட்டராகவே தெரிவார்கள்.

போஸ்ட்பிக்ஸ் மைநெட்வொர்க்ஸில் இருப்பவரிடம் பாஸ்வேர்ட் கேட்காது. ரவுட்டர் அந்த வலைக்குள் இருக்கிறது. அப்படியென்றால் உலகத்தில் யார் வேண்டுமானாலும் உங்கள் சேர்வர் வழியாக யாருக்கு வேண்டுமானாலும் மெயில் அனுப்பலாம். திறந்த ரிலே என்பது இதுதான். ஒரே இரவில் கண்டுபிடித்துவிடுவார்கள், பிறகு உங்கள் புதிய ஐபி குப்பை மெயில் அனுப்புபவர்களின் கறுப்புப் பட்டியலில் போய்விடும். பிடிஆர் இருந்தும் பயனில்லை.

வடிகட்டிக்கும் இதேதான். அனுப்பியவரின் உண்மையான ஐபி தெரியாவிட்டால் எஸ்பிஎப் (அந்தப் பெயரில் அனுப்ப அந்த ஐபிக்கு அனுமதி உண்டா என்ற சோதனை) பார்க்க முடியாது, கறுப்புப் பட்டியலும் பார்க்க முடியாது. அமாவிஸ் 192.168 இல் தொடங்கும் எதையும், நாம் மாற்றாதவரை, உள்வீட்டு ஆளாக எடுத்துக்கொள்ளும். ஸ்பேம்அசாசினும் தனிப்பட்ட முகவரிகளை நம்பிக்கையானவை என்று ஊகிக்கும், ஆல்_டிரஸ்டட் விழுவது அதனால்தான். பாதிக் கண்ணைக் கட்டிவிட்டு, எழுத்தை மட்டும் படித்துக் கண்டுபிடி என்று சொன்னது மாதிரி. நீங்கள் ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து கற்றுக்கொடுத்தது வீண் போகவில்லை. பேய்ஸ் வேலை செய்யத் தொடங்கவே இரண்டு பக்கமும் 200 வேண்டும். தமிழ் மெயிலை ஆள் உட்கார்ந்து பிரித்துக் கொடுப்பவர்கள் நம்மிடம் குறைவு. அந்தத் தொகுப்பை அழித்துவிடாதீர்கள்.

ரவுட்டரில் முகவரி மாற்ற விதியைத் திறந்து, வெளியே போகும் முகம் பைபர் பக்கம் என்று குறிப்பிடுங்கள். அது மட்டும் போதும். பிறகு மைநெட்வொர்க்ஸில் அலுவலக வலையைத் திரும்பச் சேர்க்கவே வேண்டாம். டீச்சர்மாரும் அலுவலகத்தாரும் 587 போர்ட்டில் பாஸ்வேர்டோடு அனுப்பட்டும். மெயில் அனுப்பும் ஸ்கேனர் ஏதும் இருந்தால் அந்த ஒரு ஐபியை மட்டும் சேருங்கள். பிராக்சி_இன்டர்பேசஸ் = 203.0.113.10 என்றும் ஒரு வரி போடுங்கள். வெளி ஐபியும் தன்னுடையதுதான் என்று போஸ்ட்பிக்ஸுக்குத் தானாகத் தெரியாது. ஸ்பேம்அசாசினில் டிரஸ்டட்_நெட்வொர்க்ஸ் என்று 127.0.0.0/8, 192.168.10.5, 203.0.113.10 மூன்றையும் எழுதுங்கள். ரவுட்டரின் 192.168.10.1 அதில் வரக்கூடாது.

ஸ்பாம்ஹவுஸ் என்ற கறுப்புப் பட்டியலைப் பயன்படுத்துகிறீர்கள் என்றால் இன்னொரு விஷயம். மெஷின் 8.8.8.8 போன்ற பொது டிஎன்எஸ்ஸை (பெயருக்கு ஐபி சொல்லும் சேர்வரை) கேட்டால் ஸ்பாம்ஹவுஸ் சரியான பதில் தராது, 127.255.255.254 என்று ஒரு பிழைக் குறி தரும். போஸ்ட்பிக்ஸில் வெறும் பெயரை மட்டும் எழுதியிருந்தால் அதையும் பட்டியலில் இருப்பதாக எடுத்துக்கொண்டு வருகிற மெயிலை எல்லாம் தள்ளிவிடும். உண்மை ஐபி தெரியத் தொடங்கியதும் இந்தக் கோளாறு தலை தூக்கலாம். மெஷினிலேயே அன்பவுண்ட் என்ற சொந்த டிஎன்எஸ் நிரலைப் போட்டு அதைக் கேட்க வையுங்கள். பட்டியல் பெயருக்குப் பின்னால் =127.0.0.[2..11] என்றும் சேர்த்துவிடுங்கள்.

முடிந்ததும், உங்கள் அலுவலகத்துக்கு வெளியே இருக்கும் ஒரு மெஷினிலிருந்து 25 போர்ட்டுக்குப் போய், வெளி முகவரியிலிருந்து வெளி முகவரிக்கு அனுப்பிப் பாருங்கள். 554, ரிலே அனுமதி இல்லை என்று வர வேண்டும். வராவிட்டால் பைபர் வயரைக் கழற்றிவிட்டு எனக்கு எழுதுங்கள்.


ஹட்டன் மூடுபனி, பிற்பகல் 1.15

அக்கா, 192.168.10.0/24 தான் இருந்தது. எடுத்துவிட்டேன். கை நடுங்கிவிட்டது.

லொக்கில் மூன்று வாரத்தையும் தேடினேன். 192.168.10.1 இலிருந்து வந்து, பாஸ்வேர்ட் இல்லாமல், எங்கள் பெட்டி அல்லாத வெளி முகவரிக்குப் போனவை 6. எல்லாம் போன ஞாயிறு அதிகாலை, ஒரே முகவரிக்கு. யாரோ கதவு திறந்திருக்கிறதா என்று தட்டிப் பார்த்திருக்கிறார்கள். திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் ஒன்றும் இல்லை. 203.0.113.10 ஐ ஸ்பாம்ஹவுஸ் தளத்தில் தேடினேன், பட்டியலில் இல்லை.


பண்டாரவளைக் கம்பி, பிற்பகல் 1.50

கண்டி அக்கா சொன்னதை நான் முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். முதல் பதிவில் இரண்டு ரவுட்டர் என்று எழுதியிருந்தீர்கள், அது எனக்கு உறைக்கவில்லை. பழைய பக்கத்து ரவுட்டரிலும் 25 போர்ட் திறந்திருக்கிறதா பாருங்கள். அந்தப் பக்கம் இப்போது போஸ்ட்பிக்ஸ் கேட்பதில்லை என்றாலும் திறந்து வைக்கக் காரணம் இல்லை.


ஹட்டன் மூடுபனி, இரவு 8.30

எல்லோருக்கும் இன்றைய நிலவரம். பின்னேரம் இடி இடிக்கத் தொடங்கியதால் மூன்றரை முதல் ஐந்து வரை ரவுட்டர்களைக் கழற்றி வைத்திருந்தேன். சித்திரை மாசத்து இடியில் போன வருஷம் ஒரு ரவுட்டர் எரிந்தது. அதனால் இவ்வளவு நேரம்.

பைபர் ரவுட்டரில் அந்த விதி இருந்த இடத்தைக் கண்டுபிடித்தேன். வெளிமுகம் என்ற பெட்டி காலியாக இருந்தது. பைபர் முகத்தைத் தெரிவு செய்து சேமித்தேன். அடுத்த நிமிஷம் வந்த மெயிலின் தலைப்பில் அனுப்பியவரின் சொந்த ஐபி. மூன்று வாரத்துக்குப் பிறகு முதல் தடவை எஸ்பிஎப் சரி என்று ஒரு வரி பார்த்தேன். ஆல்_டிரஸ்டட் இப்போது எங்கள் ஆட்கள் அனுப்புவதற்கு மட்டும்தான் விழுகிறது. பழைய ரவுட்டரிலும் 25 திறந்துதான் இருந்தது அண்ணா, மூடிவிட்டேன்.

டிஎன்எஸ்ஸும் நீங்கள் சந்தேகப்பட்டபடிதான் அக்கா, மெஷின் 8.8.8.8 ஐத்தான் கேட்டுக்கொண்டிருந்தது. அன்பவுண்ட் போட்டேன். ஆறு மணியிலிருந்து எட்டு மணிக்குள் 31 இணைப்பைப் போஸ்ட்பிக்ஸ் வாசலிலேயே திருப்பி அனுப்பியிருக்கிறது. ஒவ்வொன்றாகப் பார்த்தேன், நமக்குத் தெரிந்த ஆள் ஒருவரும் அதில் இல்லை.

வெளியிலிருந்து சோதிக்க, தலவாக்கலையில் இருக்கும் தோழியைக் கூப்பிட்டேன். அவள் வீட்டு மெஷினிலிருந்து 25 போர்ட்டுக்குப் போய், நான் போனில் ஒவ்வொரு வரியாகச் சொல்லச் சொல்ல அடித்தாள். பெறுநர் வரியை அடித்ததும் 554 என்று வாசித்தாள். இன்னொரு தரம் அடிக்கச் சொன்னேன். மறுபடியும் 554.

சான்றிதழ் 14 இல் 11 சரியாக இருக்கின்றன. ஒரு பிள்ளைக்குத் தகப்பன் பெயரில் ஒரு எழுத்து மாறியிருக்கிறது, இரண்டு பேருக்குப் பிறந்த தேதி பள்ளிப் பதிவோடு ஒத்துப்போகவில்லை. மூன்றையும் குறித்து டீச்சருக்கு அனுப்பினேன். ஏழரைக்கு அவர் பதில் வந்துவிட்டது, நாளைக் காலை அதிபரைப் பார்க்கப் போகிறாராம்.